வட பூர்ணிமை நோன்பின் நாள்: ஒரு மறுஆய்வு

முன்னுரை

மகாராட்டிரத்திலும் குஜராத்திலும் மணமான பெண்கள் ஜ்யேஷ்ட மாத முழுநிலவு நாளில் நோன்பிருந்து ஆலமரத்தை வழிபடுகின்றனர். அதன் அடிமரத்தில் நூலைச் சுற்றி வலம் வருகின்றனர். கணவனின் நீண்ட ஆயுளையும் ஏழு பிறவித் துணையையும் வேண்டுகின்றனர். வடம் என்பது ஆலமரத்தைக் குறிக்கும் வடசொல்லாதலின் இந்நோன்பு வட பூர்ணிமை எனப்படுகிறது. இதன் அடிப்படை சாவித்திரி கதையாகும். அதே கதையை அடிப்படையாகக் கொண்ட நோன்பை உத்தரப் பிரதேசம், பீகார், ஒடிசா ஆகிய பகுதிகளின் பெண்கள் அமாவாசையில் நோற்கின்றனர். ஒரு கதைக்குரிய நோன்பு நிறைநிலாவிலும் மறைநிலாவிலும் அமைந்தது எவ்வாறு என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பஞ்சாங்க விளக்கமும் அதன் போதாமையும்

இவ்வேறுபாட்டிற்குப் பஞ்சாங்க முறைகளின் வேறுபாடே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. வடநாட்டு முறையில் மாதம் முழுநிலவோடு முடிகிறது. மகாராட்டிரத்திலும் குஜராத்திலும் வழங்கும் முறையில் அமாவாசையோடு முடிகிறது. ஆயின் இவ்விரு முறைகளும் தேய்பிறைப் பக்கத்திற்கு இடும் மாதப் பெயரில் மட்டுமே மாறுபடுகின்றன. வளர்பிறைக்கும் முழுநிலவுக்கும் இரண்டிலும் மாதப் பெயர் ஒன்றே. எனவே ஜ்யேஷ்ட முழுநிலவு இரு முறைகளிலும் ஒரே நாளாகும்.

2024ஆம் ஆண்டு இதற்குச் சான்றாகிறது. அவ்வாண்டில் அமாவாசை நோன்பு ஜூன் 6 அன்றும், முழுநிலவு நோன்பு ஜூன் 21 அன்றும் நிகழ்ந்தன. ஜூன் 6ஆம் நாள் வடநாட்டு முறையில் ஜ்யேஷ்ட அமாவாசை. மற்றைய முறையில் அது வைசாக அமாவாசை. பஞ்சாங்கம் மட்டுமே காரணமாயின், ஒரே நாள் இரு மாதப் பெயர்களைப் பெற்றிருக்க வேண்டும். நோன்பு பதினைந்து நாள் விலகியிருக்க வேண்டியதில்லை. ஆகவே திதித் தேர்வுக்கு வேறு காரணம் தேடுதல் வேண்டும்.

காப்பியம் தரும் செய்தி

மகாபாரத வனபருவத்தில் மார்க்கண்டேயர் தருமனுக்குச் சாவித்திரி கதையைக் கூறுகிறார். ஓராண்டில் சத்தியவான் இறப்பான் என்பதை நாரதர் வாயிலாக அறிந்திருந்த சாவித்திரி, அந்நாளுக்கு முன் மூன்று இரவுகள் உண்ணாநோன்பு ஏற்று நின்றாள். நான்காம் நாள் உண்ணுமாறு மாமனும் மாமியும் கூறியபோதும், கதிரவன் மறைந்து தன் எண்ணம் நிறைவேறிய பின்னரே உண்பதாக உரைத்தாள். நோன்பின் காரணத்தை அவள் எவரிடமும் வெளியிடவில்லை.

இப்பகுதியில் நோன்புக்குரிய திதி கூறப்படவில்லை; ஆலமர வழிபாடும் இல்லை. ஆயினும் ஒரு குறிப்பு கருதத்தக்கது. உயிர்த்தெழுந்த சத்தியவான், இரவில் ஆசிரமத்திற்குத் திரும்புகையில், பழக்கத்தாலும் மரங்களின் இடையே புலப்படும் நிலவொளியாலும் வழியை அறிவதாகக் கூறுகிறான். எனவே காப்பியம் காட்டும் இரவு அமாவாசை இரவன்று. எனினும் அது முழுநிலவு இரவே என நிறுவ இக்குறிப்பு மட்டும் போதாது.

இரு உவாக்கள்

சடங்கு நூல் மரபு சாவித்திரி நோன்பையும் மூன்று இரவு நோன்பாகவே கொண்டு, திரயோதசியில் தொடங்கிப் பதினைந்தாம் திதியில் முடிக்கிறது. இயலாதோர் இறுதி நாளில் மட்டும் நோற்கலாம் என்பர். இன்று பெரும்பாலோர் கைக்கொள்வது இவ்வொருநாள் நோன்பே. மூன்று இரவுகள் ஒரு பக்கத்தின் இறுதியில் முடிய வேண்டுமெனின், அவ்விறுதி நாள் முழுநிலவாகவும் இருக்கலாம், அமாவாசையாகவும் இருக்கலாம்.

வேதகால மரபில் இவ்விரண்டும் நிகரான பருவ நாட்கள். இவ்விரு நாட்களுக்குரிய வேள்விகளுக்கு முந்தைய நாள் ‘உபவசதம்’ எனப்பட்டது. பௌத்தரின் ‘உபோசதம்’, இலங்கையில் வழங்கும் ‘போயா’ ஆகியன இதன் வழிவந்த சொற்கள். தமிழிலும் ‘உவா’ என்னும் சொல் இரு நாட்களுக்கும் பொதுவானது. வெள்ளுவா, காருவா என்னும் அடைமொழிகளே அவற்றை வேறுபடுத்துகின்றன. நோன்புக்குரிய காலம் ‘உவா’ என்ற பொதுநிலையில் அமைந்து, எந்த உவா என்பதை வட்டார வழக்கு முடிவு செய்தது எனக் கருதுவது பொருந்தும்.

தமிழகத்து இணை

தமிழகத்தில் சாவித்திரி கதையோடு இணைந்த காரடையான் நோன்பு இவ்விரு உவாக்களையும் சாராதது. மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையே அதற்குரிய காலம். அவ்வேளை நள்ளிரவாயினும் விடியலாயினும் பெண்கள் அதுவரை உண்ணாதிருந்து, காரடையும் உருகா வெண்ணெயும் படைத்து, மஞ்சள் சரடு அணிகின்றனர். மகாராட்டிரத்தில் நூல் மரத்தைச் சுற்றுகிறது; தமிழகத்தில் பெண்ணின் கழுத்தில் ஏறுகிறது. சந்திரமான வழக்கு திதியைப் போற்ற, சௌரமான வழக்கு குறித்த நொடியைப் போற்றுகிறது. நாளை எண்ணிக் காத்திருந்த காப்பியச் சாவித்திரியின் நிலைக்கு இந்நொடிக் காத்திருப்பு நெருக்கமானது.

நிறைவுரை

மூன்று வழக்குகளிலும் காலம் வேறு. மரமும் சரடும் வேறு. மாறாதது உண்ணாநிலையும் அதனை ஏற்கும் பெண்ணின் உறுதியுமே. காப்பியத்தில் அவ்வுறுதி எவரும் விதித்ததன்று. யமனை வென்றதும் நோன்பு மட்டுமன்று, அவனைத் தொடர்ந்து சென்று அறம் உரைத்த அவளது சொல்லாற்றல். பின்வந்த வழக்கில் சொல் பின்னடைந்து நோன்பு முதன்மை பெற்றது. கணவனை இழந்தோர் இந்நோன்புக்குப் புறம்பாயினர். நகரங்களில் மரத்தடிக்குச் செல்லாமல், வெட்டி விற்கப்படும் ஆலங்கிளையை வீட்டில் வைத்து வழிபடும் வழக்கமும் தோன்றியுள்ளது. முழுநிலவு இந்நோன்பின் மூலக்கூறு அன்று, வட்டாரத் தேர்வே எனக் கொண்டால், மாறத்தக்க கூறுகள் எவை, நிலைத்தவை எவை என்னும் வினா தெளிவடைகிறது. பெண்களின் நோன்புகளை ஆராய்வோர் நூல் விதியினும் நோற்போரின் வழக்கை முதற்சான்றாகக் கொள்ள வேண்டும் என்பதற்கு வட பூர்ணிமை தக்க சான்றாகிறது.