பஞ்சருக்குப் பதறுகிறார்கள்; பிரேக்கைத் தள்ளிப் போடுகிறார்கள்!

பஞ்சர் ஆன சைக்கிள் பத்து அடி போகாது. பிரேக் செத்த சைக்கிள் பத்து மைல் போகும். வினையே இதில்தான் இருக்கிறது!

டயரில் காற்று இறங்கினால் அன்றைக்கே பார்த்தாக வேண்டும். செயின் அறுந்தாலும் அப்படித்தான். இல்லாவிட்டால் வேலைக்குப் போக முடியாது. ஆனால் பிரேக் கட்டை தேய்ந்ததற்காக எந்த சைக்கிளும் படுத்துக்கொள்வதில்லை. ஜோராக ஓடுகிறது. "சம்பளம் வரட்டும், மாத்திக்கலாம்" என்று ஒரு வாரம். "ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்" என்று இன்னொரு வாரம். இப்படியே மாதம் ஓடிவிடும். அதுவரை காலில் கிடக்கும் ரப்பர் செருப்புதான் பிரேக்! செருப்பை ரோட்டில் தேய்த்து வண்டியை நிறுத்தும் கில்லாடிகளை சென்னையின் எந்த சிக்னலிலும் பார்க்கலாம்.

பாடி மேம்பாலத்தின் இறக்கத்தில் கேரியரில் மூட்டையோடு வரும்போது செருப்பு நிற்குமா?

மோட்டார் சைக்கிள் பெருத்துவிட்ட காலத்தில் சைக்கிளைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். விடிந்தும் விடியாததுமாக ரோட்டுக்கு வந்து பார்த்தால் தெரியும். பால், பேப்பர் போடுகிறவர்கள், அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிப்டுக்குப் போகிறவர்கள், டீ கேனைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள், நைட் டூட்டி முடிந்து திரும்பும் வாட்ச்மேன்கள் - இவர்களுக்கெல்லாம் இன்னும் சைக்கிள்தான் கால். 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 100 வீட்டுக்கு சுமார் 45 வீட்டில் சைக்கிள் இருந்தது. விவசாயம், வீட்டுத் தொழில் தவிர மற்ற வேலைகளுக்கு சைக்கிளில் போய் வந்தவர்கள் மட்டும் 2 கோடியே 60 லட்சம் பேர்!

பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த சைக்கிளில், பிள்ளை படிப்பை முடித்ததும் வேலைக்குப் போகும் தகப்பன்மார்களும் உண்டு. 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, 2005-ல் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மேல்நிலை வகுப்பு மாணவ-மாணவிகள் அனைவருக்கும் என்று விரிந்த திட்டம் அது. சைக்கிள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஸ்பானர் வந்து சேரவில்லை!

<b>தெருமுனைக் கடை எங்கே?</b>

முன்பெல்லாம் ஸ்பானரே தேவைப்படவில்லை. தெருவுக்குத் தெரு சைக்கிள் கடை இருந்தது. வாசலில் தொங்கும் பழைய டயர், அழுக்குத் தண்ணீர்த் தொட்டி, மணிக் கணக்கில் வாடகைக்கு விடும் வண்டிகள், கிரீஸ் படிந்த டவுசரோடு ஒரு பையன். "அண்ணே, காத்து கொஞ்சம் அடிச்சு வுடுங்க" என்றால் தீர்ந்தது. இப்போது அந்தக் கடைகள் பலவும் மூடிவிட்டன. மீதியில் பாதி, மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டன.

சரி, பெட்ரோல் பங்க்கில் காற்று அடிக்கலாமே என்று போனால் அங்கேயும் ஏமாற்றம். சாதாரண சைக்கிள் டியூபின் வால்வும் மோட்டார் வண்டி வால்வும் ஒன்றல்ல. பங்க் குழாய் சைக்கிள் வால்வில் உட்காராது. ஆகவே ஒரு கை பம்பு, பல ஓட்டை போட்ட சைக்கிள் ஸ்பானர் ஒன்று, டயர் கழற்றும் நெம்பி இரண்டு, ஒட்டுப் போடும் சாமான், கொஞ்சம் தையல் மிஷின் எண்ணெய் - இவ்வளவும் வீட்டில் இருந்தால் வாரத்துக்கு அரை மணி நேரம் போதும்.

கடைக்காரர்கள் மொத்தமாகப் பிரித்து மாட்டுவதை 'ஓவராயில்' என்பார்கள். 'ஓவர்ஹால்' என்ற வார்த்தை நம் ஊர் வாயில் அப்படி ஆகிவிட்டது. அதைக் கேட்டுவிட்டு, ஓவராக ஆயில் விட வேண்டும் போலிருக்கிறது என்று எண்ணெயைக் கொட்டும் ஆசாமிகள் இருக்கிறார்கள்! அந்த எண்ணெய் வழிந்து ரிம்மில் இறங்கினால், இருக்கிற கொஞ்ச பிரேக்கும் போச்சு.

<b>முதலில் பிரேக்!</b>

கிளம்பும் முன் ஒரு நிமிடச் சோதனை. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளுங்கள். முன் சக்கரம் உருளவே கூடாது. பின் சக்கரம் லேசாகத் தூக்க வேண்டும். பிறகு பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளுங்கள். பின் சக்கரம் உருளாமல் தரையில் இழுபட வேண்டும். பிரேக் பிடி ஹேண்டில் பாரில் போய் முட்டினால் அந்த பிரேக் செத்தது என்று அர்த்தம்.

ராடு பிரேக் வண்டியில், லாடம் மாதிரி வளைந்த கம்பி ரப்பர் கட்டைகளை ரிம்மின் உள்பக்கம் இழுத்து அழுத்துகிறது. கட்டை தேயத் தேய இடைவெளி கூடும். ராடு இணையும் இடத்தில் உள்ள நட்டைத் தளர்த்தி, கட்டை ரிம்மை உரசாமல், ஆனால் மிக அருகில் இருக்கும்படி இழுத்துப் பிடித்து, மறுபடி முடுக்கினால் வேலை தீர்ந்தது. முடுக்கிய பிறகு இரண்டு தடவை பலமாக பிரேக் பிடித்துப் பாருங்கள். நட்டு வழுக்கினால் ரோட்டில் வழுக்க வேண்டாம், வீட்டு வாசலிலேயே வழுக்கட்டும்.

கேபிள் பிரேக்கில் பார்க்க வேண்டிய இடம் வேறு. பிடிக்குள் கேபிளின் தலை உட்காரும் இடத்தில் ஒவ்வொரு இழையாக அறும். வெளியே தெரியாது. ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றிவிட வேண்டும். மீதி இழைகள் அறுவது, ஓங்கிப் பிடிக்கும்போதுதான். ஓங்கிப் பிடிப்பது எப்போது? எதிரே பஸ் வரும்போது!

கட்டை மாற்றும்போது நடக்கும் தப்பு ஒன்று உண்டு. உயிரை வாங்கும் தப்பு. பல வண்டிகளில் கட்டை ஒரு தகரக் கூட்டுக்குள் செருகியிருக்கும். கூட்டின் ஒரு முனை மூடி இருக்கும், மறுமுனை திறந்திருக்கும். கட்டை இருக்கும் இடத்தில் ரிம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ, அந்தப் பக்கம் மூடிய முனை இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால், பிரேக் பிடித்த வேகத்தில் ஓடும் ரிம்மே ரப்பரைக் கூட்டிலிருந்து பிடுங்கி எறிந்துவிடும். முடுக்கும் முன் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாலே திசை தெரிந்துவிடும்.

பழைய ரப்பர் செருப்பை அறுத்துக் கட்டையாகச் செருகுகிறவர்களும் உண்டு. மெத்தென்ற ரப்பர் நாலு நாள் தாங்காது. கட்டை விலை பெரிய தொகையும் இல்லை. இதில் போய் மிச்சம் பிடிப்பது என்ன மிச்சமோ!

"முன் பிரேக் பிடிச்சா தலைகுப்புற வுழுந்துடுவோம்" என்று அதைக் கழற்றியே வைத்துவிடுகிறவர்கள் கதை தனி. வண்டி நிற்கும்போது பாரம் முழுக்க முன் சக்கரத்தின் மேல் சாய்கிறது. ஆகவே நிறுத்துகிற வேலையில் பெரும் பங்கு முன் பிரேக்குக்குத்தான். அதைக் கழற்றுவது, இரண்டு காவல்காரரில் பலசாலியை வீட்டுக்கு அனுப்புவது மாதிரி. திடீரென்று முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால்தான் ஆபத்து. இரண்டையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்தினால் வண்டி பாட்டுக்கு நிற்கும்.

மழைக் காலத்தில் இன்னொரு எச்சரிக்கை. பளபளக்கும் இரும்பு ரிம் நனைந்துவிட்டால் பிரேக் சட்டென்று பிடிக்காது. முதல் சில சுற்று, கட்டை தண்ணீரைத் துடைக்கும், அப்புறம்தான் பிடிக்கும். நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே லேசாக அழுத்திக்கொண்டு வர வேண்டும்.

<b>பஞ்சரா, வால் டியூபா?</b>

காற்று இறங்கியதும் டயரைக் கழற்ற உட்காராதீர்கள். முதலில் காற்று அடித்து, வால்வின் மேல் எச்சில் தடவிப் பாருங்கள். முட்டை விட்டால் பஞ்சர் இல்லை! வால்வுக்குள் மாட்டும் சின்ன ரப்பர் குழாய் - வால் டியூப் - இற்றுப்போயிருக்கிறது. ஒரு டீக் காசு கூட ஆகாது. இரண்டு வாங்கி வீட்டில் போட்டு வைக்கலாம்.

நிஜமான பஞ்சர் என்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. டயரின் ஒரு ஓரத்தை நெம்பி, டியூபை வெளியே இழுத்து, காற்று அடித்து, பக்கெட் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தால் ஓட்டை தெரிந்துவிடும். ஸ்குரு டிரைவரால் நெம்பினால் ஒரு ஓட்டை இரண்டு ஓட்டை ஆகும்.

ஓட்டையைச் சுற்றித் துடைத்துக் காய வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொலுஷனை மெல்லிசாகத் தடவ வேண்டும். இங்கேதான் அவசரம் கெடுக்கிறது. ஈரமாக இருக்கும்போதே ஒட்டை அமுக்கினால், சித்திரை வெயில் ரோட்டுச் சூட்டில் அது கழன்று வந்துவிடும். சொலுஷன் கையில் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்த பிறகு ஒட்டி அழுத்த வேண்டும்.

ஒட்டியாகிவிட்டது. டயரை மாட்டிவிடலாமா? கூடாது! குத்தின ஆணி இன்னும் டயரிலேயே இருக்கலாம். ஒரு பழந்துணியை டயரின் உள்பக்கம் சுற்றிலும் தேய்த்துக்கொண்டு போனால், முள் இருக்கும் இடத்தில் துணி மாட்டிக்கொள்ளும்; விரலும் கிழியாது. ஓட்டை டியூபின் உள்பக்கம், அதாவது ரிம் பக்கம் இருந்தால் ரோட்டைத் திட்டிப் பயனில்லை. ரிம்மில் உள்ள நாடா நகர்ந்து, கம்பி முனை குத்தியிருக்கிறது. பல் பட்ட மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் அது காற்றுக் குறைவாகப் பள்ளத்தில் விட்ட குற்றம்.

<b>செயினுக்குச் சமையல் எண்ணெய்</b>

அடுப்படியிலிருந்து கொஞ்சம் எண்ணெயை எடுத்து செயினில் விடுவது பல வீட்டில் வழக்கம். அது நாளடைவில் பிசுபிசுத்து, தூசியை இழுத்து, கறுப்பு மெழுகாகிவிடும். மண்ணெண்ணெயிலோ டீசலிலோ நனைத்த துணியால் துடைத்துவிட்டு, மிஷின் எண்ணெயை ஆணிக்கு ஒரு சொட்டு விட்டு, வெளியே இருப்பதைத் துடைத்துவிட வேண்டும்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்கப் பிள்ளையின் ஸ்கேல் போதும். ஒரு ஆணியின் நடுவில் வைத்தால், சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு ஆணியின் நடு வர வேண்டும். எட்டில் ஒரு அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயினுக்கு வயசாகிவிட்டது. தொய்வு எடுக்கப் பின் சக்கரத்தை இழுத்து முடுக்கினீர்களா? உடனே பின் பிரேக்கைப் பாருங்கள். சக்கரம் நகர்ந்தால் ரிம்முக்கும் கட்டைக்கும் உள்ள இடைவெளியும் மாறிப்போகும். இதை மறக்கிறவர்கள் ஏராளம்.

மிதி மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இடது மிதியின் மரை தலைகீழ். சாதாரண ஸ்குருவுக்கு நேர் எதிராகத் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் பலத்தைக் காட்டி மரையையே வழித்தெடுத்த பயில்வான்கள் உண்டு. மிதிக்க மிதிக்கக் கழன்று விழாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. கழலாத மிதி என்று 1900-ல் அறிவித்து விற்றவர்களில் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த இரண்டு அண்ணன் தம்பிகள் உண்டு. மூன்று வருஷம் கழித்து அவர்கள் விமானம் விட்டார்கள். ஆம், ரைட் சகோதரர்களேதான்!

மிதிக்கும்போது சுற்றுக்கு ஒரு தடவை 'டக், டக்' என்றால் பெடல் கட்டையின் காட்டர் பின் தளர்ந்திருக்கிறது. அடியில் மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, சுத்தியலால் தட்டி நட்டை முடுக்கலாம். மறுநாளும் 'டக், டக்' என்றால் புதுப் பின்தான் போட வேண்டும். கோட்டம் எடுப்பது, ஃப்ரீவீல் பிரிப்பது இரண்டையும் வீட்டில் தொடாமல் இருப்பது நல்லது. பெரிய சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 40 கம்பி. ஒன்றை முடுக்கினால் இன்னொன்று இழுக்கும். அது கை பழகினவர் வேலை.

வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரியான இடத்தில், அச்சு முழுகும் தண்ணீரில் உருட்டிக்கொண்டு வந்த வண்டியையும் கடையில்தான் கொடுக்க வேண்டும். உள்ளே தண்ணீர் போனால் கிரீஸ் கெட்டுவிடும், குண்டுகள் துருப்பிடிக்கும். வெளியே எண்ணெய் விட்டுச் சரிக்கட்ட முடியாது.

<b>விளக்கு?</b>

ஒரு காலத்தில் விளக்கு இல்லாமல் போனால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கி விடுவார் என்ற பயம் இருந்தது. மண்ணெண்ணெய் விளக்கு, டைனமோ என்று ஏதாவது ஒன்று எரிந்தது. இப்போது பிடிப்பாரும் இல்லை, எரிவதும் இல்லை. ராத்திரி டூட்டி ஆட்கள் பேட்டரி விளக்கு ஒன்று மாட்டிக்கொண்டால் உத்தமம். அது முடியாவிட்டாலும் பின் மட்கார்டில் ஒரு சிவப்பு வில்லை இருக்கிறதே, அதைச் சேறு போக ஒரு தடவை துடைத்துவிட்டுக் கிளம்பலாம். பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.