புது பிளக், புது காயில் போட்டும் விளக்கு ஏன் அணையவில்லை?

கரும்பு வெட்டும் பருவத்தில் மூங்கில்துறைப்பட்டுச் சாலையில் டிராக்டர்கள்தான் அதிகம். கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இழுக்கும் அந்த டீசல் என்ஜின்களுக்குத் தீப்பொறியே வேண்டாம். காற்றை நெருக்கும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அதே சாலையில் ஓடும் பெட்ரோல் காருக்கும் வேனுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பொறி தேவை. அது தவறும்போது வருகிற புகார் ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான்: "சங்கராபுரம் வரைக்கும் நல்லாத்தான் ஓடுது. கச்சிராயப்பாளையம் தாண்டி மலை ஏறினா மிஸ் அடிக்குது. பிளக் மாத்தியாச்சு, காயில் மாத்தியாச்சு, செக் என்ஜின் லைட்டு மட்டும் போகல."

சிலிண்டர் எரியாமல் போகும் இந்த மிஸ்ஃபயரைக் கண்டறிய, அந்த மஞ்சள் விளக்கை ஏற்றும் கணினி பெரும்பாலும் பிளக்கையோ காயிலையோ பார்ப்பதில்லை. அது பார்ப்பது கிராங்க் தண்டின் வேகத்தை. பல வண்டிகளில் கிராங்க்கோடு சுழலும் பல் சக்கரத்தில் 60 பல்லுக்கு இடம் இருக்கும். தொடக்கம் எது என்று தெரிவதற்காக அதில் 2 பல்லை விட்டிருப்பார்கள். ஒவ்வொரு பல்லும் கடக்கும் நேரத்தை சென்சார் அளந்து என்ஜின் கணினிக்குச் சொல்கிறது. நான்கு சிலிண்டர் என்ஜினில் அரைச் சுற்றுக்கு ஒரு சிலிண்டர் எரிய வேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் அரைச் சுற்றுக்கு ஆகும் நேரம் 10 மில்லி வினாடி. ஒரு சிலிண்டர் எரியாமல் போனால் கிராங்க்குக்கு அந்தத் தள்ளு கிடைக்காது. அந்த அரைச் சுற்று மட்டும் ஒரு நூலளவு நீளும். அது எந்த சிலிண்டரின் முறை என்பது கணினிக்குத் தெரியும் என்பதால் பி 0303 என்ற கோளாறு எண்ணை எழுதி வைக்கிறது. மூன்றாவது சிலிண்டர் தள்ளவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். பொறி வரவில்லையா, பெட்ரோல் வரவில்லையா, காற்று கூடிவிட்டதா, வால்வு கசிகிறதா என்று அந்த எண் சொல்வதில்லை. அந்த எண்ணைப் பார்த்ததும் பொருள் வாங்கக் கடைக்கு ஓடுவதில்தான் வண்டிக்காரர்களின் பணம் வீணாகிறது.

இந்த முறைக்கு ஒரு பலவீனமும் உண்டு. குண்டும் குழியுமான மலைச் சாலையில் சக்கரம் படும் உதறல் கிராங்க் வரை போய்ச் சேரும். கணினி அதையே எரியாத சிலிண்டர் என்று நினைத்துவிடக்கூடும். அதனால் பல கார்களில் ஏபிஎஸ் சக்கர சென்சார்களை வைத்து, சாலை மோசமென்று தெரிந்தால் கணினி தன் தீர்ப்பைச் சற்று நிறுத்தி வைக்கும்.

சரி, சமவெளியில் ஓடும் வண்டி கல்வராயன் மலையில் மட்டும் ஏன் திணறுகிறது? இதற்கான விடையை ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரீட்ரிஷ் பாஷென் 1889இல் தந்துவிட்டார். இரண்டு முனைகளுக்கு நடுவே பொறி தாவத் தேவையான மின்னழுத்தம், இடைவெளியையும் நடுவிலுள்ள வாயுவின் அழுத்தத்தையும் பொறுத்தது. என்ஜினுக்குள் இருக்கும் நிலையில் இவற்றில் எது கூடினாலும் அதிக வோல்ட் வேண்டும். சமவெளியில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது சிலிண்டருக்குள் போகும் காற்று குறைவு, அழுத்தமும் குறைவு. ஏற்றத்தில் முழுக்க மிதித்தால் காற்று நிறையப் புகும். பொறி விழும் நொடியில் அழுத்தம் பல மடங்கு ஏறும். உயரத்தில் காற்று கொஞ்சம் மெலிந்திருப்பது உண்மைதான். ஆனால் 900 மீட்டர் உயரத்தில் அந்தக் குறைவு பத்தில் ஒரு பங்குதான். முழு மிதிக்கு முன்னால் அது கணக்கில் வராது.

பேட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. அந்த மின்சாரம் எளிய வழியைத்தான் தேடும். பிளக்கின் பீங்கானில் மயிரிழை விரிசல் இருந்தால், சுமை ஏறியதும் முனைக்குப் போகாமல் விரிசல் வழியே என்ஜின் உடம்புக்குள் இறங்கிவிடும். பிளக்கைக் கழற்றி வெளியே வைத்து, "பொறி நல்லா வருதே" என்று காட்டுவதை நம்ப முடியாததும் இதனால்தான். திறந்த வெளியில் சிலிண்டருக்குள் இருக்கும் அந்த அழுத்தம் இல்லை. அங்கே விரிசல் விட்ட பிளக்கும் பொறி காட்டும். பெட்ரோல் ஆவி பக்கத்தில் இருக்கும்போது அப்படிச் சோதிப்பது ஆபத்தும்கூட.

புதுப் பொருள் என்பதாலேயே அது நல்ல பொருள் ஆகிவிடாது. கீழே விழுந்த பிளக்கை அப்படியே மாட்டியிருக்கலாம். முனை வளைந்து இடைவெளி மாறியிருக்கும். அளவு பார்க்காமல் முறுக்கியதில் பீங்கான் வெடித்திருக்கலாம். காயிலின் ரப்பர் குழாய் கிழிந்தால் மின்சாரம் பீங்கானின் வெளிப்புறத்திலேயே ஓடி, பென்சில் கோடு போலக் கருப்புத் தடம் விட்டிருக்கும். காயில் சாக்கெட் 'கிளிக்' என்று பூட்டாமல் பாதியில் நின்றிருக்கலாம். ரெசிஸ்டர் வகை பிளக் கேட்கும் வண்டியில் அது இல்லாத பிளக்கைப் போட்டால், பொறி கிளப்பும் மின் இரைச்சல் சென்சார்களையே குழப்பும். பிளக்கை எட்டுவதற்காக இன்லெட் மேனிஃபோல்டைக் கழற்றி மாட்டும்போது பின்னாலிருக்கும் சின்ன வேக்குவம் ஹோஸை மறந்துவிடுவதும் நடக்கிறது. அதில் அளக்கப்படாத காற்று புகுந்து ஐடிலில் மிஸ் அடிக்கும். கூடவே, பெட்ரோலுக்குக் காற்று கூடிவிட்டதைக் குறிக்கும் பி 0171 என்ற எண்ணும் வரலாம். ஆகவே வேலை முடிந்த பிறகு விளக்கு எரிந்தால், கை பட்ட இடங்களைத்தான் முதலில் திரும்பிப் பார்க்க வேண்டும்.

ஸ்கேனர் போட்டவுடன் எண்ணை அழித்துவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது சாட்சியையே அழிப்பது. கோளாறு பதிவான நொடியில் என்ஜின் வேகம், சுமை, சூடு எவ்வளவு என்பதைக் கணினி உறைய வைத்திருக்கும். குறைந்த வேகமும் அதிகச் சுமையும் தெரிந்தால் பொறிப் பக்கம் தேட வேண்டும். ஐடிலில் நடந்திருந்தால் காற்றுக் கசிவை. அவற்றை எழுதி வைத்த பிறகு, எண் பி 0303 என்றால் மூன்றாவது சிலிண்டரின் காயிலை முதலாவதுக்கும் முதலாவதை மூன்றாவதுக்கும் மாற்றிப் போடுங்கள். மீண்டும் ஓட்டும்போது பி 0301 வந்தால் குற்றவாளி அந்தக் காயில்தான். எண் 0303 என்றே நின்றால் பிளக்கை இடம் மாற்றுங்கள். அப்போதும் நகரவில்லையென்றால் இன்ஜெக்டரும் கம்ப்ரஷனும் பாக்கி. செலவே இல்லாத சோதனை இது.

கரும்பிலிருந்தும் எடுக்கப்படும் எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் வந்த பிறகு எல்லாப் பழியும் அதன்மேல் விழுகிறது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அந்த வித்தியாசத்தை ஆக்சிஜன் சென்சாரின் உதவியோடு கணினி சரிக்கட்டும். டேங்கில் தண்ணீர் சேர்ந்து எத்தனால் பிரிந்து அடியில் தங்கினால் தொல்லைதான். ஆனால் எரிபொருள் கெட்டிருந்தால் பெரும்பாலும் எல்லா சிலிண்டரும் மாறி மாறித் தடுமாறும். அப்போது வருகிற எண் பி 0300. ஒரே சிலிண்டர் மட்டும் விடாமல் மிஸ் அடித்தால் பெட்ரோலைக் குறை சொல்ல முடியாது.

விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குப் போகலாம். விட்டு விட்டு மின்னினால் ஏற்றத்தைத் தொடரக் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சருக்கு முன்னிருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பீங்கான் தேனடை அந்தச் சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும். சில நூறு ரூபாய் பிளக்கில் முடிய வேண்டிய செலவு பல ஆயிரமாகும்.

பழுதைச் சரிசெய்த பிறகும் விளக்கு உடனே அணையாது. வழக்கமாக மூன்று ஓட்டங்கள் தொடர்ந்து கோளாறில்லாமல் முடிய வேண்டும். அதுவும் மிஸ்ஃபயரைப் பொறுத்தவரை, கோளாறு பதிவான அதே போன்ற வேகத்திலும் சுமையிலும் என்ஜின் ஓடியிருக்க வேண்டும். கல்வராயன் மலையின் வெள்ளிமலை ஏற்றத்தில் வந்த குறையைச் சங்கராபுரம் வரை ஓட்டிப் பார்த்துச் சரியாகிவிட்டதாகச் சொல்வதில் பொருளில்லை. ஸ்கேனரை மாட்டி, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, ஏற்றத்தில் ஒவ்வொரு சிலிண்டரின் மிஸ்ஃபயர் எண்ணிக்கையையும் பார்க்கச் சொல்லுங்கள். முழு மிதியில் நான்கும் பூஜ்யத்திலேயே நின்றால் வேலை முடிந்தது.