கைவிடப்பட்ட குதிரைக்கு யார் பொறுப்பு?

நெடுந்தீவுக் குதிரைகளை நாம் அறிவோம். அந்நியர் ஆட்சியில் வளர்க்கப்பட்டு, தேவை முடிந்ததும் விடப்பட்டவற்றின் வழிவந்தவை. கடும் வரட்சியில் தண்ணீரின்றி அவை மடிந்த செய்திகள் நமக்குப் புதியவை அல்ல.

நாம் வாழும் பேர்கனிலும் குதிரை கைவிடப்படலாம். மாதக் கட்டணத்துக்கு லாயத்தில் குதிரையை விட்டவர், பணமும் கட்டாமல் தொலைபேசியும் எடுக்காமல் மறைந்தால் என்ன செய்வது?

நோர்வேயின் 2009ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், மனிதருக்குப் பயன்பட்டாலும் படாவிட்டாலும் விலங்குக்குத் தனி மதிப்பு உண்டு என்கிறது. நிராதரவாக விடுவதை அதன் 14ஆம் பிரிவு தடைசெய்கிறது.

ஆகவே, கட்டணம் நிலுவை என்று லாயக்காரர் தீனியை நிறுத்தக் கூடாது. முதலில் தீனியும் தண்ணீரும்; நோயென்றால் மிருக வைத்தியர். செலவுக்கெல்லாம் பற்றுச்சீட்டு வைத்திருக்க வேண்டும். உரிமையாளருக்கு எழுத்தில் அறிவித்துத் தவணை கொடுக்க வேண்டும். பதில் இல்லையேல், விலங்கு நலத்தைக் கண்காணிக்கும் உணவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்கலாம். குதிரை இன்னமும் அவருடைய சொத்து என்பதால், சட்ட ஆலோசனையின்றி அதை விற்பது வில்லங்கம்.

பிள்ளைகளுக்குக் குதிரை வாங்க எண்ணும் குடும்பங்கள், நம்மால் பணம் கட்ட முடியாது போனால் குதிரைக்கு என்ன ஆகும் என்பதை லாய ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.