கல்யாணியில் இன்னும் இடம் இருக்கிறதா?

கல்யாணி ராகத்தில் புதிதாக ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட ஒரு பெண் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சுருதிப் பெட்டி ஒலிக்கிறது. அவர் வாய் திறப்பதற்கு முன்பே தியாகராஜரின் ‘நிதி சால சுகமா’ காதில் வந்து நிற்கும். அதைத் தள்ளிவைத்தால் தீட்சிதரின் ‘கமலாம்பாம் பஜரே’ வரும். பிறகு சியாமா சாஸ்திரி, பாபநாசம் சிவன். கச்சேரிப் பக்கமே போகாதவராக இருந்தாலும் தப்ப வழியில்லை. ‘சிந்தனை செய் மனமே’, ‘மன்னவன் வந்தானடி’, ‘ஜனனி ஜனனி’ என்ற சினிமாப் பாடல்கள் எல்லாமே கல்யாணிதான். இத்தனை பேர் வந்துபோன இடத்தில் எனக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றினால் அதில் வியப்பில்லை.

கதை எழுதுபவர், குறும்படம் எடுப்பவர், புடவைக்குப் புது டிசைன் போடுபவர் என எதையாவது உருவாக்கும் எல்லோருக்கும் இந்தப் பயம் ஒருநாள் வரும். மாதக்கணக்கில் மனத்துக்குள் வளர்த்த யோசனையோடு வேறொருவர் முந்திக்கொண்டு வந்து நிற்பார். அந்த நேரத்தில் உள்ளே ஏதோ இறங்கிப்போகும். அது ஏன் நேர்கிறது, அதற்கு அவ்வளவு கலங்க வேண்டுமா என்று கல்யாணியையே துணைக்கு வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம். சங்கீதம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

முதலில் ராகம் என்றால் என்ன? வாசலில் புள்ளிக் கோலம் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு ஸ்வரங்களும் புள்ளிகள். மேளகர்த்தா எனப்படும் 72 தாய் ராகங்களில் 65ஆவதான கல்யாணிக்கு எந்தெந்தப் புள்ளி என்பது தீர்மானமான விஷயம். அதை யாரும் மாற்ற முடியாது. புள்ளிகளுக்கு நடுவே இழையை எப்படி வளைக்கலாம் என்பதற்கும் மரபு உண்டு. ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடுகிற அந்த வளைவுக்குத்தான் கமகம் என்று பெயர். புள்ளிகளும் வளைக்கும் முறையும் சேர்ந்தால் ராகம். ஆனால் வாசலில் இன்னும் கோலம் வரவில்லை. அதை ஒருவர் குனிந்து போட வேண்டும். அவர் போடுவதுதான் பாட்டு.

இனி, ஒரே யோசனை பல பேருக்கு எப்படி வருகிறது என்று பார்ப்போம். சியாமா சாஸ்திரி, தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர் மூவரும் 1762க்கும் 1776க்கும் இடையில், ஒரே திருவாரூரில் பிறந்தவர்கள். மூவருக்கும் ஒரே காவிரிக் கரைச் சீமை, ஒரே தஞ்சை மராட்டிய அரசின் காலம், கேட்டு வளர்ந்த ஒரே இசை. ‘சதுர்தண்டி பிரகாசிகை’ எழுதிய வேங்கடமகி, 17ஆம் நூற்றாண்டில், கல்யாணியைத் துருக்கருக்கு மிகப் பிரியமான ராகம் என்று குறிப்பிட்டு, கீதம், பிரபந்தம் போன்ற பாட்டு வடிவங்களுக்கு அது ஏற்றதல்ல என்று ஒதுக்கிவைத்தார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து மூவருமே அந்த ராகத்தைக் கையில் எடுத்தார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. காலம் அந்த ராகத்தைப் பழுக்கவைத்திருந்தது. ஒரே தோப்பில் நின்ற மூவரும் கையை நீட்டினார்கள்.

நமக்கும் இப்படித்தான். ஒரே செய்தித்தாளைப் படிக்கிறோம், ஒரே படங்களைப் பார்க்கிறோம், ஒரே மாதிரி வீடுகளில் ஒரே மாதிரிக் கவலைகளோடு வளர்கிறோம். இன்னொருவருக்கும் அதே எண்ணம் எழுந்தால், அவர் நம்மிடமிருந்து எடுத்தார் என்றோ, நம் எண்ணம் மட்டமானது என்றோ முடிவுகட்ட வேண்டாம். பல பேருக்கு ஒரே நேரத்தில் தோன்றுகிறது என்றால் அந்த எண்ணத்துக்கு வேளை வந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

மூவரும் கல்யாணியை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதுதான் இதில் ருசியான பகுதி. தியாகராஜர் தெலுங்கில் ஒரு கேள்வி கேட்கிறார்: செல்வம் சுகமா, ராமன் சந்நிதியில் தொண்டு செய்வது சுகமா? தஞ்சை மன்னர் சரபோஜியின் அழைப்பை மறுத்தபோது பாடியது என்று வழிவழியாகச் சொல்வார்கள். அந்தக் கேள்வியை அவர் ஒருமுறை கேட்டு நிறுத்துவதில்லை. அதே வரியைச் சற்றே மாற்றி, இன்னும் சற்று வளர்த்து, மேலே மேலே கொண்டுபோகிறார். இப்படி ஒரு வரி படிப்படியாக வளர்வதற்குச் சங்கதி என்று பெயர். தன் மனத்தோடு வாதாடும் மனிதர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கத்தானே செய்வார்? மெட்டின் அமைப்பே அந்த வாதாட்டமாக இருக்கிறது.

தீட்சிதரிடம் வாதாட்டம் கிடையாது. அவர் வீணை வாசித்தவர். காசியில் பல ஆண்டுகள் இருந்து வடக்கத்திய இசையைக் காதாரக் கேட்டவர். கல்யாணிக்கு மிக நெருங்கிய வடக்கத்திய ராகமான யமனும் அவர் காதில் விழுந்திருக்கும். திருவாரூர்க் கமலாம்பாளைப் பற்றி அவர் இயற்றிய நவாவரணக் கிருதிகளில், அதாவது ஒன்பது ஆவரணங்களுக்கு (சுற்றுகளுக்கு) ஒவ்வொன்றாக அமைந்த பாடல்களில், இரண்டாவது ஆவரணத்துக்குரியது ‘கமலாம்பாம் பஜரே’. மொழி சமஸ்கிருதம். முதல் ஆவரணப் பாட்டில் தேவியின் பெயர் முதல் வேற்றுமையில் வரும், இரண்டாவதில் இரண்டாம் வேற்றுமையில் வரும். அப்படி ஒரு கட்டுக்கோப்பைத் தனக்குத் தானே விதித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். மெட்டு பெரிய கோயில் பிராகாரத்தைச் சுற்றி வருவதற்கான நிதானத்தில் நடக்கும். நடுவே மத்யமகாலம், அதாவது சொற்கள் திடீரென்று இரட்டிப்பு வேகத்தில் ஓடும் பகுதி, வந்து போகும்.

சியாமா சாஸ்திரி தஞ்சாவூரில் பங்காரு காமாட்சி கோயிலைச் சேர்ந்தவர். அவருடைய ‘ஹிமாத்ரிஸுதே’, ‘பிரான வராலிச்சி’ இரண்டும் கல்யாணி. கேட்டுப்பாருங்கள்: தியாகராஜரின் தர்க்கமோ தீட்சிதரின் கட்டடக் கலையோ அங்கே முன்னால் நிற்பதில்லை. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை கேட்கிற கேட்பு நிற்கிறது. தாளத்தில் மட்டும் நுணுக்கம் இருந்துகொண்டே இருக்கும். முடிவில் அவரவர் முத்திரை, அதாவது பாட்டுக்குள் பதித்த கையெழுத்து, தனித்தனியாக வரும்: தியாகராஜ, குருகுஹ, ச்யாமகிருஷ்ண. முத்திரை வருவதற்கு வெகு முன்பே யாருடைய பாட்டு என்று பழகிய காது சொல்லிவிடும்.

இப்போது எல்லோரும் தடுக்கி விழும் இடத்துக்கு வந்துவிட்டோம். சினிமாக்காரர்கள் ஒரு கதையின் சாரத்தை ‘ஒன்லைன்’ என்பார்கள். மேலே சொன்ன மூவரின் பாடல்களுக்கு ஒன்லைன் எழுதிப்பாருங்கள். ‘கல்யாணியில் தெய்வத்தைப் பாடியது.’ எல்லாவற்றுக்கும் ஒரே வரிதான். அந்த வரியை மட்டும் பார்த்தால் முதலில் பாடியவரைத் தவிர மற்றவர்கள் வீண் வேலை செய்தவர்கள். யோசனையே படைப்பு என்று நினைக்கும்போது நாம் செய்வது இதைத்தான். நம்முடைய ஒன்லைனையும் அடுத்தவருடைய ஒன்லைனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவே என்று மனம் உடைகிறோம். படைப்பில் உள்ள எல்லாவற்றையும் உரித்து எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் ஒன்லைன். அது ஒன்றாக இல்லாமல் எப்படி இருக்கும்?

இந்தத் தவறு ஏன் இவ்வளவு எளிதாக நேர்கிறது? ஒரு யோசனை பிறக்கும்போது அது தன்னை முழுப் படைப்பாகவே காட்டிக்கொள்கிறது. உடம்பெல்லாம் சிலிர்க்கிறது, முழுப் புத்தகமும் கண்ணில் தெரிகிறது. எழுத உட்கார்ந்த பிறகுதான் நம்மிடம் இருந்தது ஒரு வரி என்று புரியும். உட்காருவதற்கு முன்பே அடுத்தவரின் படைப்பைப் பார்த்துவிட்டால், இல்லாத முழுப் புத்தகத்தையும் பறிகொடுத்ததுபோல் துக்கப்படுகிறோம். அந்தத் துக்கம் உண்மையானது. பறிபோனதாக நினைக்கும் பொருள்தான் இன்னும் பிறக்கவே இல்லை.

சட்டமும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் கோடு போடுகிறது. 1950களில் டெல்லியில் ஆர்.ஜி. ஆனந்த் என்பவர் ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்ற இந்தி நாடகத்தை மேடையேற்றினார். பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு மதராசிக் குடும்பம், பிள்ளைகளுக்குள் காதல், நடுவில் பிரதேச வெறி. 1956இல் ‘நியூ டெல்லி’ என்ற திரைப்படம் வந்தது. அதிலும் பஞ்சாபிப் பையன், தமிழ்ப் பெண். வைஜயந்திமாலா நடித்திருந்தார். தன் நாடகத்தை எடுத்துவிட்டார்கள் என்று ஆனந்த் வழக்குத் தொடுத்தார். 1978இல் உச்ச நீதிமன்றம் படத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. கருத்துக்கும் கருப்பொருளுக்கும் கதைக்கருவுக்கும் பதிப்புரிமை கிடையாது. அதை ஒருவர் சொன்ன வடிவம், முறை, அடுக்கிய விதம், வெளிப்பாடு ஆகியவற்றுக்கே உரிமை உண்டு என்றது. ஒரே கருவை இருவர் வளர்த்தால் ஒற்றுமைகள் வரத்தான் செய்யும் என்றும் ஏற்றுக்கொண்டது. ஆனந்தின் வேதனை எனக்குப் புரிகிறது. என்றாலும் கரு ஒருவருக்கே சொந்தம் என்று தீர்ப்பாகியிருந்தால், இந்த நாட்டில் அதற்குப் பிறகு கலப்புக் காதல் கதையே யாரும் எழுதியிருக்க முடியாது.

இதை வைத்துத் திருட்டே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. இருக்கிறது. காட்சிகளின் அடுக்கை, வசனத்தை, கோட்டோவியத்தின் வளைவை அப்படியே தூக்குபவர்கள் உண்டு. அங்கே கோபப்படுவதும் வழக்குத் தொடுப்பதும் நியாயம். கருவில் ஒற்றுமை, வடிவில் களவு, இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

ஒரே காலத்தவர்கள் இருக்கட்டும். முன்னால் நிற்பவர் நம்முடைய குருவாகவே இருந்தால்? பச்சிமிரியம் ஆதியப்பய்யாவின் ‘விரிபோணி’ பைரவி ராக அட தாள வர்ணம். இன்றும் பாட்டுக் கற்பவர் எவரும் அதைக் கடந்துதான் வந்தாக வேண்டும். பைரவியின் அகராதி என்றே அதைச் சொல்லலாம். அந்த ஆதியப்பய்யாவிடம் கற்றவர் சியாமா சாஸ்திரி. குருவே இப்படி ஒன்றைச் செய்துவைத்திருக்கும்போது, சீடர் அந்த ராகத்தைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஒதுங்கியிருக்கலாம். அவர் ஒதுங்கவில்லை. அதே பைரவியில் ‘காமாக்ஷி அநுதினமு’ என்று ஒரு ஸ்வரஜதி செய்தார். ஸ்வரஜதி அதுவரை நாட்டியத்தோடு சேர்ந்த வடிவம். இவர் அதைப் பாடுவதற்கென்றே ஆக்கினார். மிச்ர சாபு தாளம். எட்டுச் சரணங்கள். முதல் சரணம் முதல் ஸ்வரமான ஸட்ஜத்தில் தொடங்கும், அடுத்தது ரிஷபத்தில், அதற்கடுத்தது காந்தாரத்தில், இப்படியே ஒவ்வொரு படியாக ஏறி மேல் ஸட்ஜம் வரை போகும். பைரவிக்குள் ஒவ்வொரு ஸ்வரத்தின் வாசலிலும் நின்று அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி. குருவின் வர்ணம் இருக்கும் வரை இதுவும் இருக்கும். ஒன்றைக் கேட்டவருக்கு மற்றொன்றின் அருமை கூடத்தான் செய்கிறது.

ஒத்த யோசனை எதிரே வந்ததும் பதறிப்போகிறவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் வேலையைக் கைவிடுகிறார்கள். சிலர் வித்தியாசமாக இருந்தாக வேண்டும் என்று வலிந்து எதையாவது மாற்றுகிறார்கள். இரண்டாவது இன்னும் மோசம் என்பது என் எண்ணம். கைவிட்டவர் நாளை திரும்பி வரலாம். வலிந்து மாற்றுபவரோ ஒவ்வொரு வரியிலும் அடுத்தவர் என்ன செய்தார் என்று பார்த்து அதற்கு எதிர்த் திசையில் போகிறார். அவருடைய கையை அடுத்தவரே பிடித்து எழுதவைக்கிறார். நம் கல்யாணிப் பெண்ணையே பாருங்கள். எல்லோரும் கல்யாணிக்குரிய ‘ம’வான பிரதி மத்தியமத்தில் குழைகிறார்கள், நான் அதைத் தொடமாட்டேன் என்று அவர் இன்னொரு ‘ம’வான சுத்த மத்தியமத்துக்கு மாறினால், பாடுவது கல்யாணியாக இருக்காது. சங்கராபரணமாகிவிடும். அங்கே போனால் அங்கேயும் அதே மூவரும் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படியானால் அவர் என்னதான் செய்யலாம்? மற்றவர்களின் பாடல்களை அரைகுறையாகக் கேட்டுப் பயப்படுவதற்குப் பதில் முழுதாகக் கேட்கலாம். பயம் ஒன்லைனில்தான் குடியிருக்கிறது. முழுப் படைப்பையும் கேட்டால், அவர் போன பாதை எது, நான் போக நினைத்தது எது என்பது தெளியும். பிறகு தன் பாட்டின் சொற்களை வாய்விட்டுச் சொல்லிப்பார்த்து, எந்தச் சொல்லில் தன் குரல் தானாக நிற்கிறது என்று கவனிக்கலாம். வேண்டுமானால் தனக்கென்று ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொள்ளலாம். 1985இல் வந்த ‘சிந்து பைரவி’யில் இளையராஜா ‘கலைவாணியே’ பாடலைக் கல்யாணியில் ஆரோகணத்தை, அதாவது ஏறுமுக ஸ்வரங்களை மட்டுமே வைத்து அமைத்தார். எத்தனையோ பேர் ஏறி இறங்கிய ராகத்தில் இறங்காமலே ஒரு பாட்டு. ராகத்துக்குள்ளேயே இருந்துகொண்டு, அதன் ஒரு பாதியை மட்டும் எடுத்துச் செய்த வேலை அது.

தியாகராஜர் தோடி ராகத்தில் மட்டுமே இருபதுக்கும் மேற்பட்ட கிருதிகள் செய்திருக்கிறார். பிறர் முந்திக்கொண்டார்கள் என்று கவலைப்படுவது ஒருபுறம் இருக்கட்டும். தானே முந்திக்கொண்ட இடத்துக்கு அவர் அத்தனை முறை திரும்பிப் போயிருக்கிறார். ஒவ்வொரு முறையும் வேறு எடுப்பு, வேறு மனநிலை.

நடைமுறையில் செய்ய வேண்டியவையும் சில உண்டு. வரைவுகளைத் தேதி போட்டுப் பத்திரமாக வைத்திருங்கள். திரைக்கதை எழுதுபவராக இருந்தால், தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் கதையைப் பதிவுசெய்யும் வழக்கம் இருக்கிறது, அதைச் செய்துவிடுங்கள். இன்ன தேதியில் இந்த வடிவம் உங்களிடம் இருந்தது என்பதற்கு அது சாட்சி. பதிவுசெய்யும்போது ஒன்லைனோடு நிறுத்தாமல் காட்சிகளை வரிசையாக, முடிந்தவரை விரிவாக எழுதிக் கொடுங்கள். பிற்பாடு பேச்சு வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கப்போவது அந்த விரிவைத்தான்.