பனிக்கட்டிக்கு அடியில் ஒரு பயணம்

விடியற்காலையில் நெற்றி விளக்கோடு பால்மரம் சீவப் போன, மலேசியாவின் ஜாசின், அலோர் காஜா தோட்டத்துப் பெரியவர்களுக்கு இருட்டு பழக்கமானதுதான். அதைவிடக் கும்மிருட்டு, அண்டார்டிகாவில் பல நூறு மீட்டர் தடிப்புள்ள பனிக்கு அடியில் இருக்கும் கடல்.

அப்படிப்பட்ட இருட்டுக்குள் கருவிகளைத்தான் அனுப்புகிறார்கள். சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய 'புரோவ்' கருவி, 2015-இல் அண்டார்டிகாவின் பிரியதர்ஷினி ஏரிக்குள் இறங்கியது. தமிழ் மண்ணிலிருந்து போன கருவி என்பதில் எனக்கு நிறையவே பெருமை. ஆனால் மேலிருந்து ஒரு வடம் அதைப் பிடித்திருந்தது.

வடமே இல்லாமல் போனது சுவீடனின் ஆளில்லா நீர்மூழ்கி 'ரான்'. தண்ணீருக்குள் ரேடியோ அலை வெகுதூரம் போகாது, ஜிபிஎஸ்ஸும் எட்டாது. அதனால் போகவேண்டிய வழியை முன்கூட்டியே அதன் கணினியில் பதித்து அனுப்பினார்கள். ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு ரான் மேலே உள்ள பனியின் வடிவத்தை அளந்தது. 2022-இல் அண்டார்டிகாவின் டாட்சன் பனித்தட்டின் அடியில் 17 கிலோமீட்டர் வரை நுழைந்து, 27 நாட்களில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்றியது. அடிப்பனியில் கண்ணீர்த்துளி வடிவக் குழிகள் இருந்தன! நீரோட்டம் வேகமாக அரிக்கும் மேற்குப் பக்கம் அதிகம் கரைவதும் தெரிந்தது.

2024 ஜனவரியில் மறுபடியும் உள்ளே போன ரான், திரும்பி வரவில்லை.