அளப்பவரைக் கவனிக்கும் நிரல்

கோவை சிங்காநல்லூர் லேத் பட்டறைக்கு வரைபடம் இல்லாமல் ஒரு பழைய பாகம் வந்தால், அதைக் கழற்றி அளந்தே எப்படிச் செய்தார்கள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். மால்வேர் என்கிற தீநிரலை ஆராய்பவர்களின் வேலையும் அதுதான். ஆனால் தீநிரல், தன்னை அளப்பவரைக் கவனிக்கும்.

முதலில், ஒளிந்துகொள்ளும் ஒன்றைப் பார்ப்போம். 2019 செப்டம்பர் 4 அன்று கூடங்குளம் அணுமின் நிலையத்தில் தீநிரல் புகுந்திருப்பதை இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் கண்டது. அக்டோபர் 30-ல், நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டது. இணையத்தோடு இணைந்த, நிர்வாக வேலைக்கான ஒரு கணினிதான் பாதிக்கப்பட்டது, உலையைக் கட்டுப்படுத்தும் வலையமைப்பு தனி என்றும் விளக்கியது. ஆய்வாளர்கள் அதை டிட்ராக் என அடையாளம் கண்டார்கள். விசை அழுத்தங்கள், உலாவியின் வரலாறு, கோப்புப் பட்டியல் எல்லாவற்றையும் திரட்டும் உளவு நிரல் அது.

டிட்ராக் தன் உண்மையான உருவை மறையாக்கம் செய்து, சாதுவான ஒரு நிரலுக்குள் வைத்திருக்கும். ஓடத் தொடங்கியதும் அதை விடுவித்து, விண்டோஸின் சொந்த நிரல் ஒன்றைத் திறந்து, அதன் உள்ளடக்கத்தை அகற்றிவிட்டுத் தான் அமர்ந்துகொள்ளும். ஓடும் நிரல்களின் பட்டியலில் தெரிவது விண்டோஸின் பெயர் மட்டுமே.

வேறு பல தீநிரல்கள் ஆய்வாளரையே தேடும். நிரலை அடி அடியாக ஓட்டிப் பார்க்கும் கருவி டிபக்கர். அது இணைந்திருந்தால் விண்டோஸ் ஒரு பைட்டில் குறித்துவைக்கும். தீநிரல் அதைப் படித்ததும் ஒன்றும் அறியாததுபோல் முடிந்துவிடும். ஆய்வாளர் அந்தப் பைட்டைப் பூச்சியமாக்கினால் போதும், இந்தத் தந்திரம் தோற்றது. அடுத்தது நேரம். கணினிக்கு நொடியின் மிகச் சிறு துளியே போதுமான இடத்தில் மனிதர் நின்று யோசித்தால், அந்தத் தாமதமே காட்டிக்கொடுக்கும்.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது மூன்றாவது. ஓரிடத்தில் நிறுத்த வேண்டுமானால் டிபக்கர் அந்தக் கட்டளையின் முதல் பைட்டை அழித்து, சிசி என்ற பதினாறடிமான எண்ணை எழுதும். தீநிரலோ தன் பைட்டுகளைத் தானே கூட்டிப் பார்க்கும். கூட்டுத்தொகை மாறினால் உஷாராகிவிடும். அப்போது ஆய்வாளர், பைட்டைத் தொடாமல் செயலியின் பதிவகங்கள் வழியே நிறுத்துகிறார்.

இந்தப் பொறுமையான கலைக்கு ஆட்கள் வேண்டும். கோவைக் கல்லூரி மாணவர்களே, அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2019 மார்ச்சில் வெளியிட்ட கிட்ரா என்னும் நிரல் ஆய்வுக் கருவி இலவசமாகவே கிடைக்கிறது. அசெம்பிளி மொழியிலிருந்து தொடங்குங்கள். ஆய்வுக்கென்று தனி மெய்நிகர் கணினி வைத்து, இணையத்தைத் துண்டித்த பிறகே எந்த மாதிரியையும் திறங்கள்.