சீண்டல் என்னும் ஊஞ்சலைத் தள்ளுவது யார்?

மண்ணச்சநல்லூரில் ஏதேனும் ஓர் அங்கன்வாடியின் வாசலில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். ஒரு குழந்தை இன்னொன்றின் பொம்மையைப் பிடுங்கும். பறிகொடுத்த குழந்தை ஓங்கி ஓர் அடி வைக்கும். இரண்டும் அழும். ஐந்து நிமிடத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருக்கும்!

இது கொடுமையா? இல்லை. கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் ரிச்சர்டு டிரம்ப்ளே குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். அடிப்பதும் கடிப்பதும் தள்ளுவதும் பொதுவாக 2 வயதிலிருந்து 4 வயதுக்குள் உச்சத்தை எட்டிப் பிறகு குறைகின்றன என்று அவர் கண்டார். அந்த வயதில் கேட்டு வாங்கப் பேச்சு போதாது. கோபத்தை அடக்கும் முன்மூளையும் முதிர்ந்திருக்காது. பேச்சும் பழக்கமும் வளர வளர, பெரும்பாலான குழந்தைகள் கையை அடக்கக் கற்றுக்கொள்கின்றன.

அப்படியானால் கொடுமை என்பது எது? நார்வே நாட்டில் பணியாற்றிய உளவியல் அறிஞர் டான் ஓல்வியஸ் மூன்று அடையாளங்களைச் சொன்னார். நோகடிக்கும் எண்ணம் இருக்க வேண்டும்; அது திரும்பத் திரும்ப நடக்க வேண்டும்; இரு தரப்பின் வலிமையும் சமமாக இருக்கக் கூடாது. கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கம் ஐந்து பேர், மறுபக்கம் ஒருவர் என்றால் அது போட்டியாகுமா? ஒன்றாம் வகுப்பில் இந்த வலிமை உடற்பலமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. "அவளோடு எல்லோரும் காய் விடுங்கள்" என்று ஒரு சிறுமி தினமும் கட்டளையிட்டால், அதுவும் கொடுமையே.

1982-இல் வட நார்வேயில் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டனர். பள்ளித் தோழர்களின் கொடுமையே காரணமாக இருக்கலாம் என்ற செய்தி நாட்டையே உலுக்கியது. 1983-இல் ஓல்வியஸ் பெர்கன் நகரின் 42 பள்ளிகளில் சுமார் 2,500 மாணவர்களிடையே ஒரு தடுப்புத் திட்டத்தைத் தொடங்கினார். வகுப்புக்குத் தெளிவான விதிகள், இடைவேளையில் பெரியவர்களின் கண்காணிப்பு, தொல்லை தெரிந்தவுடன் இரு தரப்போடும் பெற்றோரோடும் பேச்சு. திட்டம் இவ்வளவுதான். இரண்டு ஆண்டுகளில் கொடுமை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

இனி ஓர் ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் சரியான நேரத்தில் மெல்லத் தள்ளினால் போதும், வீச்சு பெருகிக்கொண்டே போகும். தள்ளுவதை நிறுத்தினால் காற்றின் தடையும் உராய்வும் அதை அடக்கிவிடும். சீண்டலும் இப்படித்தான். சுற்றி நிற்பவர்களின் சிரிப்பே அதைத் தள்ளும் கை. கனடாவில் தொடக்கப் பள்ளி விளையாட்டு மைதானங்களை ஆராய்ச்சியாளர்கள் ஒளிப்படக் கருவியால் பதிவு செய்து, 2001-இல் முடிவுகளை வெளியிட்டனர். 100 சம்பவங்களில் 88-இல் மற்ற குழந்தைகள் உடனிருந்தார்கள். ஆனால் 19-இல் மட்டுமே யாரேனும் குறுக்கிட்டார்கள். அப்படிக் குறுக்கிட்டவற்றில் பாதிக்கு மேல், 10 விநாடிகளுக்குள் தொல்லை நின்றுவிட்டது!

இதில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? 1961-இல் ஆல்பர்ட் பாண்டுரா அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் 72 குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைக் கண்ட குழந்தைகளில் பலர், அதே அடியை அதே சொற்களோடு திருப்பிச் செய்தார்கள். வீட்டிலும் தெருவிலும் சின்னஞ்சிறுவர்கள் பார்த்துப் பழகும் 'பெரியவர்' நீங்கள்தான். நீங்கள் வைக்கும் பட்டப்பெயர் நாளை ஒன்றாம் வகுப்பில் ஒலிக்கும்.

அடக்கப்படாத வீச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கண்டோம். பட்டியல் வகுப்பைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர், சக மாணவர்களின் தொல்லை பற்றிப் பள்ளியில் தெரிவித்த பிறகு வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் காயமடைந்தார். அங்கே வலிமையின் ஏற்றத்தாழ்வுக்குப் பெயர் சாதி. அதன்பின் தமிழக அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. ஆனால் அறிக்கைக்கு முந்தைய வேலை, ஒருவரை ஒதுக்கும் பழக்கம் முளைவிடும் மழலை வயதிலேயே தொடங்க வேண்டும்.

ஆகவே, தம்பியோ தங்கையோ பள்ளிக்குப் போக அடம்பிடித்தால் அதட்டாதீர்கள். "யாரோடு விளையாடினாய்? யார் உன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை?" என்று கேளுங்கள். சீண்டும் குழந்தைக்குப் 'போக்கிரி' என்று பெயர் சூட்டாமல், கேட்டு வாங்கவும் முறை வைத்து விளையாடவும் கற்றுக்கொடுங்கள். தனித்து நிற்கும் குழந்தையை ஆட்டத்தில் சேருங்கள். நிலைமை கைமீறினால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், 14417 என்ற தமிழகப் பள்ளிக் கல்வித் துறை எண்ணும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால், சிரிக்காமல் இருங்கள். தள்ளும் கை விலகினால் ஊஞ்சலின் வேகம் குறையும் அல்லவா?